கார்டைக் கழற்றுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனை ஆலையில் வைட்பேண்ட் போர்ட்டுக்கு அலாரம் வந்தது, கார்டை மாற்றியும் நிற்கவில்லை, இன்னொரு கார்டு கேட்டு எழுதியிருக்கிறேன் என்றாய். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள். போர்ட்டுக்கு அலாரம் வந்ததாலேயே கோளாறு போர்ட்டில்தான் என்று சொல்லிவிட முடியாது.

பேச்சுக்கு 64 கிலோபிட் சேனல் ஒன்று போதும். வைட்பேண்ட் என்பது பல சேனல்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது. ஆறு சேர்ந்தால் 384 கிலோபிட். முன்பு வீடியோ கூட்டத்துக்கு வழக்கமாகக் கேட்டது அதைத்தான். முப்பது சேர்ந்தால் 1920. நீ பார்க்கும் டெஃபினிட்டி டெலிபோன் ஸ்விட்சில் இந்த வகைப் போர்ட்டுக்குச் சிக்னலிங் கிடையாது. அந்தப் பக்கம் ரவுட்டர் ஓடுகிறதா, செத்துக் கிடக்கிறதா என்பது ஸ்விட்சுக்குத் தெரியாது. சேனல்களைச் சுமக்கும் ஈ1 லைன் உயிரோடு இருந்தால் போர்ட் நன்றாக இருப்பதாகவே காட்டும். ஆகவே 'இன் சர்வீஸ்' என்று திரை சொல்வதை அப்படியே நம்பாதே. அலாரம் சொல்வதையும் அப்படித்தான்.

கீழிருந்து மேலே போ. முதலில் அலாரம் லாக். போர்ட் எண் 01C1108 என்றால் முதல் கேபினெட், சி கேரியர், 11-ஆம் ஸ்லாட், 8-ஆவது சர்க்யூட். அதே வரியில் கோளாறு கார்டுக்குள்ளா வெளியிலா என்றும் ஒரு குறிப்பு இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அதே ஸ்லாட்டில் மற்றப் போர்ட்டுகளும் அழுகின்றனவா என்று பார். எல்லாம் சேர்ந்து அழுதால் லைனைத் தேடு. சிக்னலே வரவில்லை என்றால் கேபிள் போயிருக்கலாம், இல்லை மறுமுனையில் கரண்ட் இல்லாமல் இருக்கலாம். வெறும் ஒன்றுகளாகவே வந்துகொண்டிருந்தால் நடுவில் ஒரு பெட்டி உயிரோடு இருக்கிறது, அதற்கு அப்பால்தான் அறுந்திருக்கிறது. நம் பக்கம் எல்லாம் சரியாக வந்தும் மறுமுனை தனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால், நாம் அனுப்பும் ஜோடியைப் பிடித்துக்கொண்டு போ.

லைன் சுத்தமாக இருந்தும் எர்ரர் ஏறிக்கொண்டே போனால் க்ளாக்கைப் பார். பொது நெட்வொர்க்கிலிருந்து வரும் ஈ1தான் ஸ்விட்சுக்கு நேரம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து ரவுட்டர் தானே ஒரு க்ளாக்கைக் கொடுக்க ஆரம்பித்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் ஸ்லிப் விழும். ஒரு ஸ்லிப் என்றால் 125 மைக்ரோ வினாடி ஃப்ரேம் ஒன்று தொலையும், இல்லாவிட்டால் இரண்டு முறை வரும். பேசுகிறவர் காதில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டேட்டாவுக்கு அந்தப் பாக்கெட்டே கெட்டுவிடும். "போன் நல்லாத்தானே வேலை செய்யுது" என்று ஆபீஸ் கிராணி சொன்னால், அதை வைத்து லைன் சரி என்று முடிவு கட்டாதே.

எல்லாம் நன்றாக இருந்தும் 384 கால் மட்டும் சில நேரம் ஏறவில்லை என்றால் அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். ஆறு சேனலும் அடுத்தடுத்துக் காலியாக இல்லாமல் இருந்திருக்கும். ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்றால் பேருந்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலி இடம் இருந்து என்ன பயன்? பேச்சுக் கால்கள் ஒரு முனையிலிருந்து வரிசையாகச் சேனல் எடுக்கும்படி வைத்தால் மறுமுனையில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும். இதற்குக் கார்டு வேண்டாம், ஒரு செட்டிங் போதும்.

நம் வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் செம்பனை நட்ட காலத்திலிருந்தே இங்கே ஆபீஸ் ஓரிடம், ஆலை ஓரிடம், ஸ்டோர் ஓரிடம். நடுவில் செம்புக் கம்பி நெடுந்தூரம் ஓடுகிறது. மேலே இடிக்குப் பஞ்சமில்லை. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஈயம் தோண்டிய பழைய மணல் நிலத்தில், வெயில் தொடர்ந்து அடித்தால் எர்த் சரியாகப் பிடிக்காது. ஜெரம், தஞ்சோங் காராங் பக்கத்துக் களிமண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உப்புக் காற்றில் கம்பி முனையில் களிம்பு ஏறும். அதனால் மழைக்காலத்தில் மட்டும் அளந்துவிட்டு வராதே, வறண்ட மாதத்திலும் அள. ஒவ்வொரு இடிக்குப் பிறகும் சர்ஜ் அரெஸ்டரைப் பார். மேலாக நன்றாகத் தெரியும், உள்ளே கருகியிருக்கும். அதை விட்டுவிட்டுக் கார்டை மட்டும் மாற்றினால் அடுத்த இடியில் புதுக் கார்டும் போகும்.

சோதனைக்காகப் போர்ட்டை பிஸி-அவுட் செய்வதற்கு முன் ஆட்களிடம் கேள். ஒரு போர்ட்டை நிறுத்தினால் ஒரு இணைப்புதான் விழும். கார்டையே நிறுத்தினால் அதிலிருக்கும் பேச்சுக் கால்கள் எல்லாம் அறுந்துபோகும். லாரிகள் குலையோடு தராசில் வரிசை கட்டி நிற்கும் நேரத்திலும், சம்பளக் கணக்கு ஏறும் நாளிலும் கை வைக்காதே. வேலை முடிந்து ரிலீஸ் செய்தபின் லூப்பேக் போட்டு எர்ரர் கூடவில்லை என்று பார்த்துவிட்டு, ரவுட்டர் பக்கத்து ஆளையே ஒரு ஃபைல் அனுப்பச் சொல். அவர் வந்துவிட்டது என்றால்தான் வேலை முடிந்தது.

பழைய ஸ்விட்ச் இன்னும் எத்தனை நாளைக்கு, எல்லாம் ஃபைபரும் ஐபியும் ஆகிவிடுமே என்று கேட்டிருந்தாய். ஆகட்டும். அப்போதும் இடி விழும், எர்த் கெடும், க்ளாக் பிசகும், "போன் நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். நாளைக்கு ஆலைக்குப் போகும்போது கார்டு கொண்டுபோகாதே. எர்த் மீட்டரை எடுத்துப் போ, ரவுட்டரின் க்ளாக் செட்டிங்கை எழுதி வா. அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்,
கோல சிலாங்கூர்