குருவைச் சோதிக்கலாமா?

கேள்வி: என் குரு சொல்வதில் சில சந்தேகங்கள் வருகின்றன. கேட்டால், ‘உனக்கு சிரத்தை போதவில்லை’ என்கிறார்கள் மற்ற சீடர்கள். சந்தேகப்படுவது பாவமா?

பதில்: பாவமே இல்லை. தட்சிணேஸ்வரத்தில் நடந்ததைக் கேளுங்கள். பணத்தைத் தொடமாட்டேன் என்று ராமகிருஷ்ணர் சொன்னதை அவருடைய சீடர் நரேந்திரன், அதாவது பின்னாளைய விவேகானந்தர், அப்படியே நம்பிவிடவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்து மெத்தைக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒளித்துவைத்தார். வந்து உட்காரப்போன ராமகிருஷ்ணர் வலியில் துடித்து எழுந்தாராம். காரணம் தெரிந்ததும் கோபிக்கவில்லை, மகிழ்ந்தார்.

யோகின் என்ற இளம் சீடர் இன்னும் ஒரு படி மேலே போனார். நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் குருவைக் காணோம். மனைவி சாரதா தேவியின் அறைக்குத்தான் போயிருப்பாரோ என்று வெளியே நின்று வேவு பார்த்தார். வேறு பக்கமிருந்து வந்த ராமகிருஷ்ணர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். சாதுவைப் பகலிலும் பார், இரவிலும் பார், பிறகு நம்பு என்றே சொன்னார்.

இத்தனை சோதித்த நரேந்திரன் விலகி ஓடிவிடவும் இல்லை. 1881-ல் சந்தித்தவர், 1886-ல் குரு மறையும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அந்தப் பொறுமையும் வேண்டும்.

மற்ற சீடர்களை விடுங்கள். குருவிடமே நேரில் கேளுங்கள். முகம் சுளிக்கிறாரா, உட்காரவைத்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். அதுவரை பணம் கொடுக்கவோ பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடவோ வேண்டாம்.