முதுமையிலும் மிதித்த கால்கள்

முன்னுரை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. இளமையில் கற்க வேண்டியதை இளமையிலேயே கற்க வேண்டும் என்று நம்மை எச்சரிக்கப் பெரியோர் சொன்னது அது. ஆனால் அதையே திருப்பி, ஐம்பதைக் கடந்தவர்கள் இனி ஒன்றும் செய்ய இயலாது என்று பொருள் கொள்ளலாமா? கூடாது என்று தம் இரு கால்களால் விடையளித்தவர் பிரான்ஸ் நாட்டின் ராபர்ட் மார்ஷான். அவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் தடையும்

மார்ஷான் 1911-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் அமியான் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே அவருக்கு மிதிவண்டிப் பந்தயத்தில் பேராசை. ஆனால் அவர் உயரம் ஐந்தடிதான். இவ்வளவு குள்ளமானவன் இத்துறையில் முன்னேற முடியாது என்று பயிற்சியாளர் ஒருவர் கூறிவிட்டார். பின்னர் வயிற்றுப் பிழைப்புக்காகப் பல தொழில்கள் செய்தார். பாரிசில் தீயணைப்பு வீரர், வெனிசுவேலாவில் லாரி ஓட்டுநர், கனடாவில் மரம் வெட்டுபவர் என அவர் வாழ்க்கை ஓடியது. மிதிவண்டி மறந்தே போயிற்று.

மீண்டும் மிதிவண்டி

பலர் ஓய்வு பெற்றுச் சாய்வு நாற்காலியில் அமரும் பருவத்தில், ஏறத்தாழ அறுபத்தேழு வயதில், மார்ஷான் மீண்டும் மிதிவண்டியைக் கையில் எடுத்தார். போர்தோவிலிருந்து பாரிஸ் வரை செல்லும் நெடும்பயணத்தில் பங்கு கொண்டார். அத்தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மிதித்துக்கொண்டே செல்வதாக எண்ணிப் பாருங்கள்! எண்பது வயதை எட்டிய பின், 1992-இல், பாரிசிலிருந்து மாஸ்கோ வரை மிதிவண்டியிலேயே சென்றார்.

நூறு வயதில் 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகர ஓட்டக்களத்தில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் சென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் லியோன் நகரில் 100 கிலோமீட்டரை 4 மணி 17 நிமிடங்களில் கடந்தார். 2014-இல், 102 வயதில், ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர்! நூறு வயதில் சென்றதைவிட இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். 2017 ஜனவரியில், 105 வயதில், 22.547 கிலோமீட்டர் ஓட்டினார்.

அறிவியல் கூறுவது

இது எவ்வாறு இயன்றது? பேராசிரியை வெரோனிக் பில்லா என்ற அறிஞர் தம் குழுவினருடன் மார்ஷானின் உடலை ஆராய்ந்தார். கடுமையாக உழைக்கும்போது நம் உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது உடல் வலிமையின் ஓர் அளவுகோல். வயது ஏற ஏற அது குறைவது இயல்பு. ஆனால் மார்ஷானுக்கு 101 வயதிலிருந்து 103 வயதிற்குள் அது ஒரு கிலோகிராம் எடைக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 மில்லிலிட்டராக உயர்ந்தது. மிதிக்கும் ஆற்றலும் 90 வாட்டிலிருந்து 125 வாட்டாகக் கூடியது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அவ்விரண்டு ஆண்டுகளில் அவர் ஆண்டிற்கு ஏறத்தாழ 5000 கிலோமீட்டர் பயிற்சி செய்தார். ஐந்தில் நான்கு பங்கு எளிதான வேகம்; ஒரு பங்கு மட்டுமே கடினமான வேகம். புகை பிடிப்பதில்லை. காய்களும் பழங்களும் மிகுதி, இறைச்சி சிறிதளவே. 106 வயதில் சாதனை முயற்சிகளை நிறுத்திய பின்னும் வீட்டிலேயே நிலைவண்டியை மிதித்து வந்தார். 2021-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் 109-ஆம் வயதில் காலமானார்.

நாம் பெறும் பாடம்

"உங்களுக்கு ஏன் பாட்டி இந்த வேலை? பேசாமல் உட்காருங்கள்" என்னும் சொல் பல வீடுகளில் அன்பினால் எழுவதே. ஆயினும் பயன்படாத கால் விரைவில் தளரும். தளர்ந்த கால் பிறர் கையை எதிர்பார்க்கும். பாட்டி கடைக்கு நடந்து செல்ல விரும்பினால் தடுக்காமல், பையை வாங்கிக்கொண்டு உடன் நடப்பதே மேலான அன்பு. எல்லாரும் மார்ஷான் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. புதிதாகத் தொடங்கும் முதியவர் மருத்துவரைக் கலந்து, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

மாணவியராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. "உன்னால் முடியாது" என்று இளமையில் ஒருவர் சொன்ன சொல், நம் வாழ்நாள் முழுமைக்கும் எழுதிய தீர்ப்பு ஆகாது.

முடிவுரை

பழமொழியை நாம் மறுக்க வேண்டாம். ஐந்திலேயே வளைவோம், நல்ல பழக்கங்களை இன்றே தொடங்குவோம். அதே வேளையில், ஐம்பதிலும் எண்பதிலும் வளைய விரும்புவோருக்கு வழி விட்டு நிற்போம். இயன்றால் துணையாகவும் செல்வோம்.