மைனருக்குப் பெரிய சில்லு

பூநகரி வாடியடிச் சந்தியின் தேநீர்க் கடைக்கு முன்னால் ஒரு பழைய மொரிஸ் மைனர் வந்து நின்றால், ஐந்து நிமிடத்துக்குள் அதைச் சுற்றி நாலுபேர் கூடிவிடுவர். கூடியவர்களில் ஒருவராவது தம் தகப்பனார் காலத்துக் காரின் கதையைத் தொடங்காமல் விடமாட்டார். தொண்ணூறுகளில், பெற்றோல் வடபகுதிக்கு வராதிருந்த காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை மட்டும் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயின் புகையோடு ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் மனிதரை ஏற்றிச் சென்ற மைனர்களும் ஒஸ்ரின் ஏ நாற்பதுகளும் எங்கள் மக்களிடம் பெற்ற மரியாதை, இன்று எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கும் வாகனத்துக்கும் கிட்டுவதில்லை. அதற்குமேல், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டு, தனியார் கார்கள் மீண்டும் வருவதற்கு 2025 பெப்ரவரி வரையில் காத்திருக்க நேர்ந்தமையால், தகரக் கொட்டிலில் கோழி அடைகிடந்த கார்களெல்லாம் வெளியே வந்து வர்ணம் பூசிக்கொண்டன. வர்ணம் பூசிய பின் உரிமையாளரின் பார்வை சில்லுகளின் மேல் விழுவது இயல்பு.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகனின் பார்வையும் எங்கள் மைனரின் மேல் அவ்வாறே விழுந்தது. “மாமா, உதுக்குப் பதினேழு இஞ்சி அலோய் போட்டா கார் நிமிந்து நிக்கும்” என்றான். கார் ஏற்கெனவே நிமிர்ந்துதான் நிற்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன், அவன் பேச்சில் நியாயமும் இருக்கிறதென்று கண்டு, சில நாள்களை இந்த விசாரணைக்கே செலவிட்டேன்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 1948இல் வெளிவந்த மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், அக்காலத்து இங்கிலாந்துக் கார்கள் பதினாறும் பதினேழும் அங்குலச் சில்லுகளில் உயர்ந்து நின்றபோது, காருக்குள் மனிதருக்கு இடம் வேண்டுமென்று கருதிப் பதினான்கு அங்குலச் சிறு சில்லைத் தேர்ந்தவர். அதே கொள்கையைப் பதினோராண்டுகளின் பின் மினியில் பத்து அங்குலம் வரைக்கும் இறக்கியவர். ஆகவே மைனருக்குப் பெரிய சில்லு போடுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அதைப் படைத்தவரோடேயே வாதம் செய்கிறார். வாதம் செய்யக் கூடாதென்பதில்லை. ஆனால் எதிர்தரப்பின் நியாயத்தை அறிந்து செய்ய வேண்டும்.

சில்லு என்று நாம் ஒரே சொல்லால் வழங்குவது, இரும்பாலோ அலோயாலோ ஆன றிம்மும் அதன் மேலேறிய ரயரும் சேர்ந்த ஒன்று. காரின் மட்காட்டுக்குள் கிடைக்கும் இடம் மாறாதது. ஆதலால் சேர்ந்த விட்டத்தை அதிகம் கூட்ட முடியாது. றிம் பெருத்தால் ரயரின் பக்கச் சுவர் மெலிய வேண்டியதே. மைனரோடு வந்த பழைய வகை ரயரின் முழு விட்டம் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். அதில் பக்கச் சுவரின் உயரம் மட்டும் 120க்கு மேல். இந்த 120 மில்லிமீற்றர் றப்பரும் காற்றுமே, கிறவல் ஒழுங்கையின் குழிக்கும் நமது முதுகெலும்புக்கும் நடுவில் நிற்கும் முதல் வில். காரின் முறுக்குக் கம்பியும் பின்புற இலை வில்லும் அதன் பிறகுதான் வேலை தொடங்குகின்றன. றிம்மின் அங்குலத்தைக் கேட்பதற்கு முன் பக்கச் சுவரின் உயரத்தைக் கேளுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

அதைக் கணிப்பது பள்ளிப் பிள்ளைக்கும் இயலும். 175/65 ஆர் 15 என்று ரயரில் எழுதியிருந்தால், 175 என்பது அகலம், 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு பக்கச் சுவர் என்பது, 15 என்பது றிம்மின் அங்குலம். பக்கச் சுவர் 114 மில்லிமீற்றர். முழு விட்டம் 608. இதே முறையில் 165/70 ஆர் 14 ரயருக்குச் சுவர் 115, விட்டம் 587. கடைக்காரர் ஆசை காட்டும் 185/55 ஆர் 15க்குச் சுவர் 102 ஆக இறங்கிவிடும். 195/45 ஆர் 16க்கு 88. மருமகன் விரும்பிய பதினேழில், 195/40 போட்டால், 78 மட்டுமே. அதாவது பழைய சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழகுக்குக் காணிக்கையாகிவிடும்.

இந்த எண்களை ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தபோதுதான் நான் எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. பதினான்கு அங்குலத்து 165/70க்கும் பதினைந்து அங்குலத்து 175/65க்கும் பக்கச் சுவரில் ஏறத்தாழ வித்தியாசமே இல்லை. முழு விட்டத்திலோ பதினைந்தே பழைய 600க்கு அணித்தாக நிற்கிறது. குற்றம் பதினைந்தில் இல்லை, 55இலும் 45இலுமே இருக்கிறது. மேலும் இவ்விரு அளவுகளும் விட்ஸ், அக்சியோ, அக்குவா முதலிய ஜப்பானியக் கார்களுக்கு உரியவை. அக்கார்கள் நாடெங்கும் ஓடுவதால், நடுவழியில் ரயர் கிழிந்தாலும் புதிதொன்று தேடி அலைய வேண்டியிராது. பழைய காருக்கு இது சிறிய சௌகரியமன்று.

இனி ஒவ்வொரு தெரிவாகப் பார்க்கலாம். காரை வந்தபடியே வைத்திருக்க விரும்புவோருக்கு, அசல் இரும்பு றிம்மும் 145/80 ஆர் 14 ரயரும் போதும். அந்த றிம்மின் அகலம் மூன்று, மூன்றரை அங்குலத்தளவே. அதன்மேல் 165ஐ ஏற்றுவது குழந்தையின் தலையில் பெரியவர் தொப்பியை வைப்பது போலாகும், வளைவில் ரயர் பக்கவாட்டில் நெளியும். 165 வேண்டுமாயின் நாலரை அங்குல அகலமுள்ள றிம்முக்குப் போக வேண்டும். இதுவே இரண்டாவது தெரிவு. பார்வைக்கு அசலிலிருந்து பெரிதும் வேறுபடாது, பிறேக் பிடிக்கும்போதும் மாரிகால ஈரத்திலும் நம்பிக்கை தரும். என்னைக் கேட்டால், காரை வாரத்தில் இரண்டு முறையாவது ஓட்டுகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் மைனரை வேகத்துக்காகத் திருத்துவோரிற் பலர் பதினேழுக்கு ஏறாமல், எம்ஜி மிட்ஜெட்டின் அகன்ற பதின்மூன்று அங்குல றிம்முக்கு இறங்குவர் என்பதும் கவனிக்கத் தக்கது.

மூன்றாவது தெரிவான பதினைந்தில்தான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகின்றனர். அக்சியோவின் பழைய றிம்கள் மலிவாகக் கிடைக்கும். நான்கு ஆணித் துளை. மைனருக்கும் நான்கு ஆணி. கையால் வைத்துப் பார்த்தால் பொருந்துவது போலவே தோன்றும். ஆனால் மைனரின் ஆணிகள் நான்கு அங்குல வட்டத்தில், அதாவது 101.6 மில்லிமீற்றர் விட்டத்தில் நிற்பவை. ஜப்பானிய றிம்மின் துளைகளோ 100 மில்லிமீற்றர் வட்டத்தில் உள்ளவை. ஒன்றரை மில்லிமீற்றர் என்ன பெரிய காரியம் என்று நட்டை முறுக்கினால், ஆணிகள் நான்கும் உள்நோக்கி வளைந்தபடி இறுகும். நட்டின் கூம்பு தன் இருக்கையில் முழுதாக அமராது, ஒரு விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். சங்குப்பிட்டிப் பாலத்தில் அறுபது கிலோமீற்றர் வேகத்தில் போகையில் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கும். அதைச் சில்லுச் சமநிலைக் குறை என்று எண்ணி ஈயம் ஒட்டிக்கொண்டே இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். என் உறவினர் ஒருவரின் காரில் நட்டு இரண்டு தாமே கழன்று, மூன்றாவது ஆணி முறிந்த பிறகே காரணம் விளங்கிற்று. பொருத்திக் கொடுத்தவர், “எல்லாருக்கும் இப்பிடித்தான் போடுறது அண்ணை” என்றாராம். மைனரின் ஆணியோ எட்டில் மூன்று அங்குலத் தடிப்புள்ள மெல்லிய ஆணி. ஜப்பானியக் காரின் பன்னிரண்டு மில்லிமீற்றர் ஆணியின் வலிமையை அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு. முன்சில்லால் இழுபடும் நவீன கார்களின் றிம்மில், ஆணித் தளம் வெளிப்பக்கமாகவும் றிம்மின் உடல் உட்பக்கமாகவும் அமைந்திருக்கும். அதை மைனரில் மாட்டினால் றிம் உள்ளே போய் ஸ்ரியறிங் தண்டையோ பின்புற வில்லையோ உரசக்கூடும். உரசலைத் தீர்க்க இடையில் தடித்த தகடு வைத்தால் சில்லு வெளியே தள்ளப்பட்டு, முன் அச்சின் திருகு மூட்டுகளுக்கு நெம்புகோல் போலப் பாரம் ஏறும். மைனரின் முன்பகுதியில் பிரசித்தமான பலவீனம் அந்தக் கீழ் மூட்டே. கிறீஸ் காணாமல் தேய்ந்தால் ஒரு நாள் கழன்று, சில்லு மடிந்து, காரின் மூக்கு நிலத்தில் குத்தும். எந்தச் சில்லைத் தேர்ந்தாலும் முதலில் அந்த மூட்டைப் பார்ப்பியுங்கள்.

பதினைந்துதான் வேண்டுமென்றால், கண்ணியமான வழி ஒன்றிருக்கிறது. மைனரின் சொந்த றிம்மின் நடுத்தட்டை வெட்டியெடுத்து, பதினைந்து அங்குல இரும்பு வளையத்துக்குள் நல்ல கடைச்சற் பட்டறையில் வைத்து ஒட்டுவிப்பதே அது. ஆணி வட்டமும் நட்டும் மாறா. அசல் மூடியும் பொருந்தும். ஒட்டியபின் றிம்மைச் சுழலவிட்டு, அருகில் அசையாத கூரொன்றை வைத்து, ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஆடுகிறதா என்று உங்கள் கண்முன்னே பார்ப்பிக்க வேண்டும்; ஆடினால் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பதினாறையும் பதினேழையும் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கொழும்பு நகர வீதியில் மாலைநேர உலாவுக்கு அவை அழகாயிருக்கலாம். பூநகரியில் ஏ 32 வீதி இப்போது கண்ணாடி போலிருப்பது உண்மையே. ஆனால் வீடு ஏ 32இன் மேல் இல்லை, ஒழுங்கைக்குள் இருக்கிறது. கௌதாரிமுனைப் பக்கம் மணலில் புதைந்தால், ரயரின் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பரப்பைக் கூட்டி வெளியேறுவது நாமெல்லாம் அறிந்த உபாயம். 78 மில்லிமீற்றர்ச் சுவரில் காற்றைக் குறைத்தால் றிம்மே மணலைத் தொடும். கல்லில் அடிபட்ட இரும்பு றிம் வளையும், சுத்தியலால் நிமிர்த்தலாம்; அலோய் வெடிக்கும். கடனீரேரியின் உப்புக் காற்றில் அலோயின் மேற்பூச்சு ஓரிடத்தில் சுரண்டினாலும் அடியில் வெண்பொடி பூக்கும்; இரும்பு டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, பஞ்சரான அன்று கழலவும் மறுக்கும். இரும்பும் துருப்பிடிக்கத்தான் செய்யும், ஆனால் அதன் துருவுக்கு ஒரு தகரம் வர்ணம் போதும்.

ஏ நாற்பது சோமசெற் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: 1952 முதல் 1954 வரை வந்த அந்தக் கார் பிறந்ததே பதினாறு அங்குலச் சில்லில், உங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை.

ரயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது. அசல் றிம்மாயின் உள்ளே ரியூப் போட்டே ஓட்டுங்கள். ரயரை விளிம்பில் பிடித்து வைக்கும் மேடு அதில் இல்லை. புதிய றேடியல் இரண்டை முன்னாலும் பழைய வகை இரண்டைப் பின்னாலும் போடுவது ஈர வீதியில் காரைப் பின்பக்கமாகச் சுழற்றிவிடும். பொருத்திய பின், நான்குபேரைப் பின்னிருக்கையிலும் முன்னிருக்கையிலும் ஏற்றி, ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, மேடுபள்ளத்தில் ஒரு தடவை ஓட்டி, மட்காட்டின் உட்புறத்தில் றப்பர்க் கறை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

மருமகன் கடைசியில் ஒட்டிய பதினைந்துக்கு இணங்கினான். ஆனால் புறப்படும் நாளில், ஐந்தாவது சில்லை வைக்கலாமென்று பின்பெட்டியின் அடித்தட்டைத் திறந்தபோது, இசிகோனிஸ் அங்கே ஒடுக்கமான பதினான்குக்கு மட்டுமே இடம் விட்டிருந்தது தெரிந்தது. 175 அகலம் உள்ளே நுழைய மறுத்தது. பழைய ஒடுங்கிய சில்லையே திரும்பவும் அங்கே வைத்தோம். விட்டம் ஏறத்தாழ ஒன்றாகையால், அவசரத்துக்கு வீடு வந்துசேர அது போதும். நட்டும் அதே நட்டு.