மணல் மறைத்த உயிர்கள்

கடற்கரை என்றதும் காற்று வாங்க வருவோரும் சுண்டல் விற்போருமே நம் நினைவுக்கு வருகின்றனர். கடல்வாழ் உயிர்களைக் காணப் பாறைக் கரைக்கோ பவளத் திட்டுக்கோ போக வேண்டும் என்பது பலரது எண்ணம். விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் கூற விரும்புவது, சென்னையின் மணற்கரையே நமக்கு ஒரு சிறந்த ஆய்வுக்கூடம் என்பதாகும். அதற்குப் பூட்டும் இல்லை, கட்டணமும் இல்லை.

ஓதமும் மணலும்

நம் கரையில் கடல் நாள்தோறும் இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஏற்றத்தின் எல்லைக்கும் வற்றத்தின் எல்லைக்கும் இடைப்பட்ட நிலமே ஓதஇடை மண்டலம். பாறையில் பற்றிக்கொள்ள இடமுண்டு; மணலோ ஒவ்வோர் அலைக்கும் புரளுவது. ஆகவே இங்கு வாழும் உயிர் புதையத் தெரிந்ததாகவோ ஓடத் தெரிந்ததாகவோ இருத்தல் வேண்டும்.

புதையும் உயிர்கள்

அலை திரும்பும் ஈர மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். மணல் நிறத்தில், முட்டை வடிவில், வழவழப்பான சிறு உயிர் ஒன்று உள்ளங்கையிலேயே புதைய முயலும். இதுவே எமெரிட்டா ஏசியாட்டிக்கா. இதற்கு இடுக்கிக் கால்கள் இல்லை. பின்புறமாகவே மணலுள் புகுந்து, கடலை நோக்கியபடி, இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்துத் திரும்பும் நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்ணும். சிறியதாய் இருக்கையில் ஆணாகி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இயல்பு இதற்கு உண்டு என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்பிரமணியம் 1981இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்.

இதன் அண்டை வீட்டுக்காரர் டோனாக்ஸ் என்னும் சிறு மட்டி. ஆப்பு வடிவ ஓடும் தசைப்பாதமும் கொண்டு நொடிகளில் புதைந்துவிடும். மணல் துகள்களின் இடுக்கிலோ, ஒரு மில்லிமீட்டர் சல்லடையிலும் நழுவிவிடும் உருளைப்புழுக்களும் நுண் ஓட்டுடலிகளும் குடியிருக்கின்றன. இவற்றைக் காண நம் வகுப்பு நுண்ணோக்கி போதும்.

ஓடும் உயிர்

சற்று மேலே, உலர்ந்த மணலில் காணும் வளைகள் ஓசிபோடே நண்டினுடையவை. விரைந்த காலுடையது என்பது இக்கிரேக்கப் பெயரின் பொருள். நெய்தல் பாடல்களில் மகளிர் ஆட்டி விளையாடும் அலவனை நாம் தமிழ் வகுப்பில் அறிவோம். அக்காட்சியை இன்றும் நமக்கு நினைவூட்டுவது இந்நண்டே.

நிலத்தில் உலவினாலும் இது கடலை முற்றும் துறக்கவில்லை. செவுள்கள் ஈரமாய் இருந்தாலன்றி மூச்சு விட இயலாது. கால்களின் அடியிலுள்ள மயிர்க் கற்றையால் ஈர மணலிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரத்தைத் தேடியே ஆழமாக வளை தோண்டுகிறது. குஞ்சுப் பருவமும் கடலிலேயே கழிகிறது. மட்டியையும் எமெரிட்டாவையும் வேட்டையாடும். கரை ஒதுங்கிய பிணங்களைத் தின்று துப்புரவும் செய்யும். சனவரி முதல் மார்ச்சு வரை இக்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் குஞ்சுகளும் இதற்கு இரையே.

வளைகள் சொல்லும் செய்தி

கரையில் வண்டிகள் ஓடினால் நண்டுகள் நசுங்குகின்றன. இயந்திரத்தால் குப்பையை வாரும்போது, நெகிழியோடு அவற்றின் உணவான கடற்பாசியும் போய்விடுகிறது. சிட்னி நகரை அடுத்த கடற்கரைகளில் நடந்து 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நகர்ப்புறக் கரைகளில் இந்நண்டின் வளைகள் குறைந்திருந்தமையைக் காட்டியது. வளைகளை எண்ணியே கரையின் நலத்தை ஓரளவு மதிப்பிடலாம் என்பது இதன் பயன்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு மீட்டர் சதுரச் சட்டம், கயிறு, குறிப்பேடு ஆகியவை போதும். காலையில், காலடிகள் பெருகுமுன், நீர்விளிம்பிலிருந்து அடும்புக்கொடி வரை நேர்கோட்டில் எண்ண வேண்டும். வளையின் எண்ணிக்கையே நண்டின் எண்ணிக்கை ஆகிவிடாது; சில வளைகள் வெறுமையாய் இருக்கும். எனினும் கூட்டமுள்ள இடத்தையும் அமைதியான இடத்தையும் ஒரே முறையில், ஒரே காலத்தில் எண்ணினால் வேறுபாடு புலப்படும்.

நம் துறை மாணவர்கள் ஆண்டுதோறும் இக்கணக்கை எடுத்துக் குறிப்பேட்டை அடுத்த அணியிடம் ஒப்படைத்தால், பத்தாண்டில் அது மதிப்புமிக்க ஆவணமாகும். எது இருந்தது என்று எழுதி வைக்காதவர்கள், எது மறைந்தது என்று சொல்ல இயலாது. பேராசிரியர்கள் வழிகாட்ட, வரும் ஆண்டிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக!