மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாற்றுங்கள்

"மாசமா இருக்கிறப்போ பிரஷர் மாத்திரை போட்டா பிள்ளை குறையோட பொறக்கும்." ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களிலும் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. முழுகாமல் இருப்பது தெரிந்ததும் மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. கர்ப்பகாலப் பிங்க் புத்தகத்தில் மிஸி (நர்ஸ்) எழுதும் பிரஷர் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

உள்ளே அரை உண்மை ஒளிந்திருப்பதால்தான் இந்த வதந்திக்கு இத்தனை ஆயுள். பெரிண்டோப்ரில், எனலாப்ரில், லோசார்டான் ஆகியவை கர்ப்பிணிக்கு ஆகாது; சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீரை வற்றவைக்கும். அப்படியானால் டாக்டரிடம் ஓடி மாத்திரையை மாற்ற வேண்டும், நிறுத்துவதா? மெத்தில்டோபா, லேபெட்டலால், நிஃபெடிபின் எல்லாம் எதற்கு இருக்கின்றன? மெத்தில்டோபா சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளை ஏழு வயது தாண்டும்வரை பிரிட்டனில் கவனித்தார்கள். 1982இல் வெளியான முடிவின்படி, அந்தப் பிள்ளைகள் உடல்நலத்திலோ அறிவிலோ பின்தங்கவில்லை.

இன்னும் சந்தேகமா? நாள்பட்ட பிரஷர் உள்ள 2,408 கர்ப்பிணிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு பாதிக்கு 140/90க்குக் கீழே வைக்க மருந்து. மறுபாதிக்கு பிரஷர் மிகவும் ஏறினால் மட்டும். ப்ரீஎக்லாம்ப்சியா என்னும் கர்ப்பகாலப் பிரஷர் நோயின் கடுமையான வடிவம், மருத்துவக் காரணத்தால் 35 வாரத்துக்கு முன்பே எடுக்க நேர்ந்த பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, சிசு மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று முதல் பாதியில் 30 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது, மறுபாதியில் 37. மருந்தால் எடை குறைந்த பிள்ளைகள் கூடினவா? இல்லை.

தலைவலி இல்லாவிட்டால் பிரஷர் இல்லை என்பது வெறும் பேச்சு. கால் வீங்காவிட்டால் பயமில்லை என்பதும் அப்படித்தான். உப்பு மிகுந்த கருவாட்டையும் புந்தோங் கச்சாங் பூத்தேயையும் குறைப்பது நல்லது. மாத்திரைக்கு அது ஈடாகாது. பிள்ளை பிறந்ததும் சரியாகிவிடும் என்று நம்புவதோ பெரிய ஆபத்து. பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 நாளுக்குள்தான் பிரஷர் உச்சத்துக்குப் போகும். பத்தியம் பார்க்கும் வீட்டில் அப்போது அதை யார் அளக்கிறார்கள்?

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் மருந்து கொடுத்த பழைய டிரஸ்ஸரும் இல்லை. கிளினிக் போக வண்டி பிடிக்க வேண்டும். வளைகாப்புக்குச் செலவழிக்கும் குடும்பங்கள் முதலில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கட்டும். ஏழாம் மாதம்வரை காத்திருக்க வேண்டாம், மூன்றாம் மாதமே வாங்கலாம். மணிக்கட்டில் அல்ல, மேற்கையில் கட்டுவது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல் அளந்து, நோட்டில் எழுதி மிஸியிடம் காட்ட வேண்டும். 160/110ஐத் தொட்டாலோ, தலை பிளந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ அடுத்த செக்கப்புக்குக் காத்திராமல் அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.