சீமெந்து இல்லாத சாந்து

ஹாலிஎலயில் படிக்கும் தங்கச்சிக்கு,

மஹியங்கனைப் பக்கத்து அரிசி ஆலையில் ஒரு தொன் நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 200 கிலோ உமி மிஞ்சும். அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. பக்குவமாக எரித்த சாம்பலென்றால் அது சுவருக்குச் சாந்தாகும்.

எல்லாம் சூட்டில் இருக்கிறது. சுமார் 700 பாகை செல்சியசுக்குள் எரிந்த உமியின் சிலிக்கா, சுண்ணாம்போடு சேரத் தயாராக இருக்கும். அதைவிட அதிக சூட்டில் நெடுநேரம் வெந்தால் பளிங்காக இறுகி, மணலைப் போலச் சும்மா கிடக்கும். நல்ல சாம்பலை மாவாக அரைத்து, நீற்றிய சுண்ணாம்பும் தண்ணீரும் விட்டுக் குழைத்தால், மெல்ல மெல்ல கல்சியம் சிலிக்கேட் உருவாகிப் பிடிக்கும். சீமெந்தை இறுக்குவதும் இதுதான். ஆனால் சீமெந்துக்குச் சூளை 1450 பாகை வரை சூடேற வேண்டும். சுண்ணாம்புக்கு 900 அளவே போதும்.

நிலக்கரிச் சாம்பலுக்கும் இந்தக் குணம் உண்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் குவிவது அதுதான். விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸ், காளிதாஸ் என்ற இருவர் நிலக்கரிச் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் கலந்து சூளையே வைக்காமல் கல் அறுத்தார்கள். அதன் பெயர் ஃபால்-ஜி. சுண்ணாம்புக்குப் பதில் காரக் கரைசல் ஊற்றும் வழியும் இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் டூவூம்பா விமான நிலையத்தில் 2014இல் அப்படிச் செய்த கொன்கிறீட்டைப் போட்டார்கள். அந்தக் காரம் கையை வேகவைக்கும். வீட்டில் தொட வேண்டாம்.

தேயிலை ஃபெக்டரி அடுப்புச் சாம்பல்? அது வேறு ரகம். விறகுச் சாம்பலில் சிலிக்கா குறைவு, கல்சியமும் பொட்டாசியமும் கூட. தனியே குழைத்துப் பூசினால் மழைக்கு நிற்காது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும் என்பதால் கொழுந்து மலைக்கும் அது ஆகாது. மரக்கறித் தோட்டத்துக்கு அளவாகப் போடலாம்.

உமிச் சாந்து இறுக நாளெடுக்கும். மலைநாட்டுக் குளிரில் இன்னும் தாமதமாகும். லயத்துச் சுவரின் பூச்சுக்கு முயன்று பார்க்கலாம், தூணுக்கும் பீமுக்கும் கூடாது.

விஞ்ஞான ஆசிரியரைக் கூட வைத்துக்கொண்டு, கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் போட்டு ஒரு சோதனை செய். எடையில் ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டு பங்கு அரைத்த உமிச் சாம்பல் சேர்த்து ஒரு கட்டி. வெறும் சுண்ணாம்பில் இன்னொன்று. இரண்டையும் ஈரச் சாக்கில் சில வாரம் மூடி வைத்துத் தண்ணீரில் போடு. சாம்பல் கட்டியும் கரைந்தால் உமி அதிகம் வெந்திருக்கும், அல்லது அரைத்தது போதாது. கரையாமல் நின்றால் அடுத்த கலவையில் மணல் சேர்.