பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு

நெடுஞ்சாலையில் நான்கு முறை போய்வந்தால் போதும், புதுக் காரின் பானெட்டில் பொட்டுப் பொட்டாகப் பெயின்ட் பெயர்ந்திருக்கும். மனசு பதறுகிறது, யாரோ சொன்னதைக் கேட்டு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று காரின் பெயின்ட் நான்கு அடுக்கு. நான்கும் சேர்ந்தாலே சுமார் 100 முதல் 130 மைக்ரான்தான். ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் கனம். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால் பல நம்பிக்கைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

நம்பிக்கை: செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் கல் பட்டாலும் கவலையில்லை.

உண்மை: அந்தப் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். விளம்பரத்தில் வரும் '9எச்' என்பது பென்சில் அளவுகோல். வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களால் பூச்சைக் கீறிப் பார்க்கும் சோதனை அது. பறந்துவந்து மோதும் கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செராமிக்கால் பயன் உண்டு. தண்ணீர் நிற்காமல் வழியும், அழுக்கு சுலபமாகப் போகும், தேய்க்கும் வேலை குறையும். அந்தப் பயனுக்காகப் போடலாம். கல்லடிக்காகப் போட்டால் காசு வீண்.

நம்பிக்கை: கல்லடி படாமல் இருக்க முழு வண்டிக்கும் பிபிஎஃப் ஒட்டியே ஆகவேண்டும்.

உண்மை: கல்லடியை நிஜமாகத் தாங்குவது இந்தப் பாலியூரித்தேன் ஃபிலிம்தான். பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் கனம். அதாவது பெயின்டைவிடத் தடிமன். மோதும் விசையைத் தான் வாங்கிக்கொள்ளும். ஆனால் கூரான கல் வேகமாக வந்தால் அதுவும் கிழியும். 'தானே ஆறிவிடும்' என்பது மேலோட்டமான மெல்லிய கீறல்களுக்கு மட்டுமே பொருந்தும். வெயில் சூட்டில் அவை மறையும், கிழிந்தது ஒட்டாது. கல் படுவதும் எல்லா இடத்திலும் அல்ல. முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடிகளின் வெளிப்புறம், சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்கு ஒட்டினால் பெரும்பாலோருக்குப் போதும். மட் ஃப்ளாப் இல்லாத வண்டிக்கு முதலில் அதை மாட்டுங்கள். செலவு குறைவு, பின்னால் வருபவருக்கும் நல்லது.

நம்பிக்கை: தினமும் காலையில் துணியால் துடைத்தால் பெயின்ட் புதுசாகவே இருக்கும்.

உண்மை: சாலைத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் கிளியர் கோட்டைவிட மிகக் கடினமானது. காய்ந்த துணியால் துடைக்கும்போது அந்த மணலை வைத்தே பெயின்டைத் தேய்க்கிறோம். வெயிலில் சற்றுச் சாய்ந்து பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். அடுக்குமாடியில் கார் துடைப்பவரைக் குறைசொல்லிப் பயனில்லை. நாம் கொடுத்தது ஒரு பழந்துணியும் அரை வாளித் தண்ணீரும்தானே? முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கவேண்டும். பிறகு கார் ஷாம்பூவும் மைக்ரோஃபைபர் துணியும். துணியை அலச இன்னொரு வாளி கட்டாயம். தண்ணீர் இல்லாத நாளில் தூசியோடு விட்டுவிடுவதே மேல். தூசி படிந்த வண்டிக்குக் கவர் போடுவதும் இதே தப்புதான். காற்றில் ஆடும் கவர் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

நம்பிக்கை: கல் பட்ட இடத்தில் ரப்பிங், பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: ரப்பிங் என்பது கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பது. மெல்லிய கீறல் மறையும்; குழி நிரம்பாது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தக் கிளியர் கோட்தான் என்பதால் அடிக்கடி தேய்ப்பது ஆபத்து. குழியை டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. பானெட்டில் குழிக்குள் சாம்பல் நிறமோ வெள்ளையோ தெரிந்தால், பெரும்பாலும் அடி பிரைமரோடு நின்றிருக்கிறது. தகடு மின்னினாலோ விளிம்பில் பழுப்புக் கறை இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. துரு பெயின்டுக்கு அடியிலேயே பரவும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். வண்டியின் கலர் கோடைப் பார்த்து அதே டச்-அப் பெயின்டை வாங்குங்கள். துரு இருந்தால் சுரண்டி, இடத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். பல்குத்தும் குச்சியின் முனையால் குழிக்குள் மட்டும் ஒரு சொட்டு, காய்ந்தபின் இன்னொன்று, கடைசியில் கிளியர் கோட். கூர்ந்து பார்த்தால் புள்ளி தெரியத்தான் செய்யும். தகட்டில் ஈரம் படாது, அதுதான் முக்கியம்.

நம்பிக்கை: இன்சூரன்ஸ் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: ஓடி ஓடி வந்த தேய்மானத்துக்கு வழக்கமான பாலிசி பணம் தராது. கிளெய்ம் ஏற்கப்பட்டாலும் 'நோ கிளெய்ம் போனஸ்' பொதுவாகப் போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி. நாலு புள்ளிக்காக அதை இழப்பதா என்று கணக்குப் போடுங்கள்.

நம்பிக்கை: கல்லை லாரி எறிகிறது, நாம் என்ன செய்ய முடியும்?

உண்மை: அடியின் பலத்தில் பெரும்பங்கு நம் வேகத்திலிருந்துதான் வருகிறது. 80 கிலோமீட்டரில் போகிறவர் 100க்கு ஏறினால், கிடக்கும் கல்லில் மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல். டிப்பரை ஒட்டிப் போகாமல் இடைவெளி விடுவதைவிட மலிவான பாதுகாப்பு எந்தக் கடையிலும் கிடையாது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றுகிறவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டியே ஆகவேண்டும். காருக்குப் போவது பெயின்ட் மட்டும். அதே கல் பைக்கில் வருபவரின் கண்ணில் பட்டால் அதற்கு டச்-அப் கிடையாது.